விருந்தினர் வருகையும் வீட்டு நாயும்



நம் மாணவர் பலரது இல்லங்களில் நாய் இன்று குடும்ப அங்கத்தவராகிவிட்டது. அதை முன்னிட்டே அவ்வில்லங்களுக்குச் செல்லத் தயங்கும் உறவினரும் உளர். ஊரிலே நாய் முற்றத்தில் கிடந்தது. படலையில் ஆளரவம் கேட்டாற் குரைப்பதே அதன் தொழில். விசர்நாய்க் கடிக்கு அஞ்சி வளர்ந்த நம் முதியோர், இங்கிலாந்தில் வாசற்கதவு திறந்ததும் தம் மேல் நாயொன்று பாய்ந்தால் நடுங்குவதில் வியப்பென்ன? "அது ஒன்றும் செய்யாது" என்று சொல்லிச் சிரிப்பது அவர்களது அச்சத்தைத் தணிக்காது.

முதலில் நாய் ஏன் பாய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். இரையுண்டு திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயை நக்கிக் குட்டிகள் உணவு கேட்கும். அவ்வழக்கம் நாயிடத்தே வணக்க முறையாக எஞ்சியுள்ளது. மனிதரின் முகம் உயரத்தில் இருத்தலால் அதை எட்டவே முன்னங்கால்களைத் தூக்குகின்றது. ஆதலின் பாய்ச்சல் பெரும்பாலும் பகையன்று. ஆனால் உடல் விறைத்து, உறுமி, பல்லைக் காட்டும் நாயின் நிலை வேறு. அதற்கு விலங்கு மருத்துவரின் ஆலோசனையே தேவை.

உணவோடு பலமுறை இணைக்கப்பட்ட ஒலியைக் கேட்ட மாத்திரத்தே, உணவைக் காணாமலே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என ருஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் (1849–1936) விளக்கினார். நம் வீட்டு அழைப்புமணியும் அத்தகையதே. மணி ஒலித்தால் ஆள் வரும், ஆரவாரம் எழும் என நாய் கற்றுவிட்டது. இவ்விணைப்பை மாற்றலாம். ஒருவரும் வராத நேரங்களில் மணியை அடித்து, உடனே நாயை அதன் பாய்க்கு அழைத்துச் சென்று சிறு உணவுத்துண்டு கொடுங்கள். நாள்தோறும் சிலமுறை செய்துவர, மணி கேட்டதும் நாய் பாயை நாடும். இதற்குச் சில வாரங்கள் பொறுமை வேண்டும்.

பாயும் நாயைத் தள்ளுவதும் அதட்டுவதும் அதற்குக் கவனிப்பே; சில நாய்கள் அதனை விளையாட்டாகவே கொள்ளும். வந்தவர் முகத்தைத் திருப்பிப் பேசாது நிற்க, நான்கு கால்களும் நிலத்தில் ஊன்றிய கணத்திலே தடவிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் நாய் முன்னிலும் மிகுதியாகப் பாய்ந்து பார்க்கும். அவ்வேளையில் ஒருவர் இரங்கிவிட்டால், "விடாது பாய்ந்தாற் பலனுண்டு" என்பதையே அது கற்கும்.

தந்தை "இரு" என்கிறார், தாய் "கீழே" என்கிறார், பிள்ளை ஆங்கிலத்தில் "சிற்" என்கிறது; நாய் யாருக்குப் பணிவது? வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைக் கையாள வேண்டும். "இரு" என்பது குறுகிய, தெளிவான சொல். (சில வீடுகளில் பிள்ளைகளை விட நாய்க்கே தமிழ் நன்கு விளங்குகின்றது!)

விருந்தினர் வருமுன் நாயை நன்கு நடத்திவாருங்கள்; கதவைத் திறக்கும்போது கழுத்துப்பட்டியில் வாரைப் பூட்டி ஒருவர் பிடித்திருக்கட்டும். பலகாரத் தட்டு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சொக்லேற்றும் வெங்காயமும், கேக்கிலுள்ள முந்திரிகை வற்றலும் நாய்க்கு நஞ்சாகும். விருந்தினரின் சிறுவர் ஓடாமலும் கூச்சலிடாமலும் கைகளை ஒடுக்கி அசையாது நிற்கப் பழகவேண்டும். சிறுவரை நாயுடன் தனியே விடல் ஆகாது.

இந்நாட்டின் 1991 ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டம், 2014 இல் திருத்தப்பட்ட பின் இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டினுள்ளும் செல்லுபடியாகின்றது. நாய் கட்டுமீறி, தமக்குக் காயம் விளைவிக்கும் என ஒருவர் தக்க காரணத்தோடு அஞ்சினாலே, கடியாவிடினும் உரிமையாளர் குற்றவாளியாகக் கூடும்.

அப்பம்மாவோ அம்மம்மாவோ வருவதாயின் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நாயைக் காண விரும்பாவிடின், மென்று பொழுதுபோக்க ஏதேனும் கொடுத்து, அவர் விடைபெறும் வரை அதனை வேறோர் அறையில் இருக்கச் செய்யுங்கள்.