மிதிச்சா வண்டி ஏன் திணறுது?

நம்ம ஊரில் இன்னும் சில பழைய மாருதி 800 ஓடுகின்றன. 796 சி.சி., 3 சிலிண்டர் என்ஜின். இந்தக் கார் 1983 முதல் 2014 வரை தயாரானது. ஆரம்பகால வண்டிகளில் கார்புரேட்டர்தான். மெதுவாப் போனா சமர்த்தாப் போகும். சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஒரு கணம் 'ங்ங்' என்று அமுங்கி, அப்புறம்தான் எகிறும். லாரியை முந்தும்போது அப்படி ஆனா? எதிரே பஸ் வந்தா? உயிர் போகிற விஷயம். மெக்கானிக்கான என் சித்தப்பாவிடம் கேட்டும், கூட நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

காரணம் என்ன?

1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். சட்டென்று மிதிச்சதும் காற்று உடனே உள்ளே பாயும். பெட்ரோல் கனமானது, பின்தங்கிவிடும். விசில் அடிச்சதும் ஒருத்தன் ஓடிட்டான், இன்னொருத்தன் இன்னும் ஷூ லேஸ் கட்டுறான் என்கிற கதைதான்! அந்தக் குறையை ஈடுகட்ட, கார்புரேட்டரில் உள்ள ஆக்சிலரேட்டர் பம்ப் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும்.

எப்போ திணறுது?

"எதைக் கழட்டலாம்னு கேக்காதே தம்பி, எப்போ திணறுதுன்னு கேளு" என்பார் சித்தப்பா.

1. மிதிச்ச கணத்தில் மட்டும் திணறல், பிறகு சரி: முதல் சந்தேகம் ஆக்சிலரேட்டர் பம்ப். என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, த்ராட்டிலைக் கையால் இழுத்தா உள்ளே பெட்ரோல் கோடு மாதிரி பாயணும். பாயலைன்னா பம்ப் கெட்டிருக்கும், அல்லது சின்னத் துளை அடைத்திருக்கும்.

2. ஐட்லிங்கும் ஏறி இறங்குது, 'உஸ்' சத்தம் வருது: ரப்பர் ஹோஸ் வெடித்து, வேண்டாத காற்று உள்ளே போகுது.

3. மேட்டிலும் அதிக வேகத்திலும் இழுவை குறையுது: பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருக்கலாம்.

4. எப்பவும் வெட்டி வெட்டி ஓடுது: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இருட்டில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால், கெட்டுப்போன பிளக் வயர் மேல் நீலப்பொறி தெரியும். கை வைத்துவிடாதீர்கள், ஷாக் அடிக்கும்!

இந்த வரிசையில் பார்த்தால், 'கார்புரேட்டரே மாத்தணும்' என்று யாராவது சொன்னாலும் பயப்பட வேண்டாம். பல நேரம் ஒரு ஹோஸோ ஃபில்டரோ மாற்றினாலே போதும். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. எவ்வளவு மிதித்தோம் என்பதை ஒரு சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும்.

கவனம்: பெட்ரோல் பக்கத்தில் தீக்குச்சி, பீடி கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். பெரியவங்க இல்லாமல் பானெட்டைத் திறக்காதீர்கள்.

யோசியுங்கள்: நிற்கும்போது மிதிச்சா நல்லா எகிறுற வண்டி, மலைப்பாதையில் மட்டும் திணறினால் எங்கே முதலில் பார்ப்பீர்கள்? விடை மேலேயே இருக்கு!