டர்போவுக்கு நிற்கணும், பிரேக்குக்கு ஓடணும்

பழைய ஜென் காரில் டர்போ ஏற்றியவன் என்று அருப்புக்கோட்டையில் என்னைக் கேலி பேசியவர்கள் நிறையப் பேர். பிரேக் போன கதை தெரிந்ததும் அவர்களுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் தாங்குமாப்பா?" என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வெயிலைக் குற்றம் சொல்வது சுலபம். 250, 300 டிகிரிக்குப் போய் வருகிற டிஸ்க்குக்கு, வெளிக்காற்று 30 டிகிரியா 40 டிகிரியா என்பது பெரிய விஷயமே இல்லை. பிரேக்கைச் சுடவைப்பது வேகம்.

கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 250 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. 120 கிலோமீட்டரிலிருந்து நின்றால் 550க்கு மேல். வேகம் ஒன்றரை மடங்குதான், வெப்பமோ இரண்டேகால் மடங்கு. அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக முன்சக்கரங்கள் வாங்கிக்கொள்கின்றன. ஒரு டிஸ்க் மூன்றரைக் கிலோ என்று வைத்தால், 80க்கு ஒரு மிதியில் 50 டிகிரி சொச்சம் ஏறும், 120க்கு ஏறக்குறைய 120 டிகிரி. அது ஆறுவதற்குள் அடுத்த ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தால், ஏற்கெனவே இருக்கிற சூட்டின் மேல் இன்னொரு 120.

நீங்களும் என்னைப் போல மதுரைக்கும் திருச்சுழிக்கும் ஓடிக்கொண்டிருப்பவர்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். காரியாபட்டி வழியாக வரும் நான்குவழிச் சாலையில் டர்போ வண்டி தானாகவே நூறைத் தாண்டும். நடுத்திட்டு இடைவெளி ஒவ்வொன்றிலும் ஒரு டிவிஎஸ் 50 எட்டிப் பார்க்கும். மலைப்பாதையில்தான் பிரேக் சுடும், சமதரையில் என்ன பயம் என்பவர்கள் இந்த ரோட்டில் ஓட்டிப் பார்க்கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. இன்சூரன்ஸ்காரர் பாலிசியைத் திருப்பிப் பார்க்கும்போது இதெல்லாம் ஞாபகம் வரும். எனக்கு வந்தது.

மேனிஃபோல்டு, ஆயில் லைன், இன்டர்கூலர், டியூனிங் எல்லாம் டர்போ கட்டுகிறவரே பார்த்துக்கொள்வார். அதில் நான் எழுத ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: பெட்ரோல் இஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் வருவது மேனிஃபோல்டிலிருந்து. டர்போ ஊதும்போது அங்கே வாக்குவம் இருக்காது, எதிர்த்துத் தள்ளும். நடுவில் இருக்கும் ஒன்வே வால்வு நல்லதா, ஓஸ் கிளாம்ப் இறுக்கமா என்று நீங்களே நின்று பாருங்கள்.

இனி என் பணத்தைத் தின்ற விஷயம். மதுரையில் ஒரு பட்டறையில்தான் வேலை கொடுத்தேன். பேர் வேண்டாம். "பிரேக் ஆயிலை வடிச்சிட்டுப் புதுசு ஊத்திருங்க" என்று நான் சொன்னேன், சாட்சியும் உண்டு. அவர் சிரித்தார்: "அண்ணே, உங்க ஊருக் காத்துலயே ஈரம் கிடையாது. ஆயிலு எங்கிட்டுப் போயித் தண்ணி குடிக்கும்?" நன்றாகத்தான் இருந்தது கேட்க. ஆனால் எங்கள் ஊருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழை உண்டு, பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடையில் மூடி திறந்து வைத்த டப்பாவிலேயே கொஞ்சம் ஈரம் ஏறியிருக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குகூட முழுதாகத் தண்ணீர் சேரவேண்டாம், 140க்கே கொதித்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155.

அன்றைக்கு மதுரையிலிருந்து விரட்டி வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. மானாமதுரை லைனில் ரயிலே கொஞ்சம், அதில் ஒன்று எனக்கென்று வந்தது. ஓடிக்கொண்டிருந்த வரை டிஸ்க் மேல் காற்று அடித்தது. நின்றதும் காற்று நின்றுபோனது, டிஸ்க்கின் சூடு பேடு வழியாகக் காலிப்பருக்கு இறங்கி ஆயிலைக் கொதிக்கவைத்தது. கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கேட் திறந்து நகர்ந்ததும் முதல் மிதியிலேயே பெடல் தரை வரை போனது. ஹேண்ட்பிரேக் கம்பியில் இயங்குவதால் அது பிடித்தது, ஆனால் முன்னால் இருந்த டிராக்டர் டிரெய்லர் அதைவிடக் கிட்டத்தில் இருந்தது. இன்டர்கூலரும் ரேடியேட்டரும் போயின.

மறுநாள் பட்டறைக்காரர் வந்து மிதித்துப் பார்த்தார். பெடல் கல்லு மாதிரி. "பிரேக்கு நல்லாத்தானண்ணே இருக்கு, நீங்கதான் லேட்டா மிதிச்சிருப்பீக." ஆறினால் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், தடயமே இருக்காது என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் பேசினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். வடித்துப் பார்த்தபோது ஆயில் டிக்காஷன் நிறத்தில் வந்தது. ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

டர்போ வைத்தவர்களுக்கு எல்லாரும் ஒரு பாடம் சொல்வார்கள்: விரட்டி வந்தால் உடனே ஆஃப் பண்ணாதே, ஒரு நிமிஷம் ஐடிலில் விடு, இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகும். சரிதான். ஆனால் நின்று ஐடிலில் விடும் அந்த நேரத்தில்தான் பிரேக் வேகிறது. ஆகவே கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக உருட்டி வாருங்கள், டர்போவும் ஆறும், டிஸ்க்கும் ஆறும். கேட் மூடியிருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தால் அங்கிருந்தே கியரைக் குறைத்துக்கொண்டு வரலாம். நின்றபின் பெடலை அமுக்கியபடி உட்காராமல் ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

பிரேக்கை ஆற்றக் காற்றுக்குழாய் வைக்கலாமா என்றால் வைக்கலாம், நானும் வைத்திருக்கிறேன். பம்பர் காற்றையெல்லாம் இன்டர்கூலருக்கே கொடுத்துவிடுவார்கள், அதில் பிரேக்குக்கென்று ஒரு பங்கைச் சண்டை போட்டு வாங்க வேண்டும். மூன்றங்குல ஓஸ் போதும். முனையை டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் காட்டினால் அந்தப் பக்கம் ஆறி, மறுபக்கம் சூடாகவே நின்று, டிஸ்க் கோணி ஸ்டீயரிங் ஆடும். ஹப் பக்கம் பார்த்து, இரண்டு முகத்துக்கும் போகிற மாதிரி வையுங்கள். உள்ளே துவாரமுள்ள டிஸ்க் போட்டுக்கொண்டால் நடுவில் நுழையும் காற்றை அதுவே ஓரத்துக்குத் தள்ளிவிடும். என் வண்டியில் இருந்தது கட்டி டிஸ்க், அதைத்தான் முதலில் மாற்றினேன். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டு மூடியை அப்படியே கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இது கரிசல் பூமி, சல்லியும் புழுதியும் பேடுக்குள் போய் டிஸ்க்கை அரைக்கும். ஓஸ் முனைக்கு மட்டும் தகட்டில் ஓட்டை போடுங்கள். குழாயின் வாயில் வலை கட்டுங்கள். மழை முடிந்ததும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். கரிசல் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் குழாய் இருந்தும் இல்லாத கணக்கு. பிளாஸ்டிக் வீல் கப்பையும் கழற்றி வீட்டில் வையுங்கள்.

சூடு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். நூல் மில்லில் பேரிங் சூடு பார்க்கும் துப்பாக்கி இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது. பளபளக்கும் இடத்தில் பிடித்தால் குறைத்துக் காட்டும், டிஸ்க்கின் துருப்பிடித்த நடுப்பகுதியில் பிடியுங்கள். நின்றவுடன் காலிப்பரை ஒருமுறை பாருங்கள், ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை. இரண்டாவது தடவை அது ஏறித்தான் இருக்கும்.

ஆயில் இப்போது டாட் 4, சீல் உடைக்காத சின்ன டப்பா, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டப்பாவை நான்தான் உடைக்கிறேன், மீந்ததைக் கீழே கொட்டச் சொல்கிறேன். நம்மூர் மெக்கானிக் தம்பிக்கு இது வீண்செலவாகத் தெரிகிறது. அவனிடம் அந்தப் பாட்டிலைக் காட்டினேன், மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இத வேற வண்டில ஊத்திக்கலாமேண்ணே" என்கிறான்.