ஆனந்திபாயின் கதையைப் படிப்போம்

‘ஆனந்தி கோபாள்’ என்பது ஒரு மராத்தி நாவல். எஸ். ஜே. ஜோஷி எழுதியது. 1968-ஆம் ஆண்டு வெளிவந்தது. கதையில் வரும் ஆனந்திபாய் கற்பனைப் பெண் அல்ல. நம் நாட்டில் உண்மையாக வாழ்ந்தவர்.

ஆனந்திபாய் 1865-இல் மகாராஷ்டிரத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் கல்யாணம் ஆயிற்று. கணவர் கோபால்ராவ், தபால் இலாகாவில் குமாஸ்தா. மனைவி படித்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். தானே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

ஆனந்திபாய்க்கு 14 வயதில் குழந்தை பிறந்தது. பத்தே நாளில் இறந்து போனது. சரியான வைத்தியம் கிடைக்கவில்லை. பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்று அவர் நினைத்தார். தானே டாக்டர் ஆவது என்று முடிவு செய்தார்.

1883-இல் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். அப்போது வயது 18. கணவர் உடன் போகவில்லை. கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று ஊர் பேசிய காலம் அது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1886-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கோலாப்பூர் மருத்துவமனையில் பெண்கள் பிரிவைக் கவனிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஆனால் காசநோய் அவரை விடவில்லை. ஊர் திரும்பிய சில மாதங்களில், 1887 பிப்ரவரியில், புனேயில் இறந்தார். வயது 21.

எது உண்மை? எது கற்பனை?

இப்படிப்பட்ட நாவலைப் படிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “இது எழுதியவருக்கு எப்படித் தெரியும்?”

பட்டம் வாங்கிய ஆண்டு கல்லூரிப் பதிவில் இருக்கிறது. அது உண்மை. குழந்தை இறந்த இரவில் தாய் என்ன நினைத்தாள்? பக்கத்தில் இருந்து யாரும் எழுதி வைக்கவில்லை. அதை ஆசிரியர் கற்பனை செய்துதான் எழுத முடியும். அது பொய் ஆகாது. நடந்ததை மாற்றாமல், நடந்தவர்களின் மனசை நமக்குக் காட்டுவதே நல்ல கற்பனை.

இன்னொரு கேள்வி. பாடம் சொல்லித் தந்த கணவர் அடிக்கவும் செய்தாரா? வீட்டுக்குள் நடந்ததை யார் சொல்வது? ஆனந்திபாயே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து கணவருக்கே கடிதம் எழுதினார். பத்து வயதில் கட்டையால் அடித்ததையும், பின்பு நாற்காலியை வீசியதையும் அதில் குறிப்பிட்டார். அப்படி நடத்தியது நல்லதா கெட்டதா என்று சொல்வது கடினம் என்றும் எழுதினார்.

அவர் எழுதாமல் இருந்திருந்தால், படிக்க வைத்த கணவரின் பெருமை மட்டுமே நமக்குத் தெரிந்திருக்கும். படிப்பு அவரைக் கடல் தாண்ட வைத்தது. தன் பக்கத்து நியாயத்தைத் தானே சொல்லவும் வைத்தது.

வரலாற்று நாவல்கள் தமிழிலும் நிறைய உண்டு. நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. ஆனந்திபாய் ஏன் டாக்டர் ஆக விரும்பினார்?
2. அடித்துப் படிக்க வைப்பது சரியா?
3. உங்கள் பாட்டியின் கதையை எழுதினால், எதை விசாரித்து எழுதுவீர்கள்? எதைக் கற்பனையாகச் சேர்ப்பீர்கள்? ஐந்து வரி எழுதிப் பாருங்கள்.