வறண்ட மண்ணில் பைன் கன்றுகள்

அல்பெர்கேரியாவில் வாழும் எம்மவருள், மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோவிலை வணங்காதவர் மிகச் சிலரே. அம்மலையில் நிற்கும் பைன் மரங்களுட் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் மனிதர் நட்டவை. அவற்றுள் மிகுதியானது அலெப்போ பைன் என்னும் இனம்.

குகைக்கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகட்டுப் பீலிகள் ஏந்திச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். அது மலைமேற் பெய்த மழைநீரே. எமது யாழ்ப்பாணத்தைப் போலவே இம்மலையும் சுண்ணக்கல்லாலானது. வெடிப்புகளினூடே நீர் விரைந்து கீழிறங்கிவிடும். மேலே தங்குவது சொற்பம். மழையோ பெரும்பாலும் ஒக்டோபர் முதல் மார்ச் வரையே பெய்யும்.

மாரியில் முளைத்த கன்று முதற் கோடையை எவ்வாறு தாங்குகிறது? மண் காயத் தொடங்கியதும் அது தன் இலைவாய்களை மூடிக்கொள்கிறது. ஆவியுயிர்ப்புக் குறைந்து நீர் மிஞ்சுகிறது. ஆயின் காபனீரொட்சைட்டும் அவ்வழியாகவே உட்செல்ல வேண்டுமாதலால் ஒளித்தொகுப்பும் குன்றுகிறது. தண்டு நீளாது, ஊசியிலைகள் குறுகும். ஆக்கிய சிறிதளவு உணவிலும் பெரும்பங்கு வேருக்கே செல்கிறது. பெற்றோர் இதனைப் பனையிற் கண்டவர்கள். வடலியின் ஓலை வெளிவருமுன்னரே கிழங்கு மண்ணுள் இறங்கிவிடுமன்றோ? ஒடியல் தின்றவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே குட்டையான கன்றை நோயுற்றதென எண்ணற்க. கல்லிடுக்கின் ஈரத்தை வேர் எட்டுமுன் மேல்மண் முற்றாகக் காய்ந்துவிடுமாயின், அப்போதே கன்று மடிகிறது.

இது வெறும் ஏட்டுப் பாடமன்று. 2023 யூலையில் பாலெர்மோவைச் சூழ்ந்த மலைகளில் பெருந்தீ பரவியது. அலெப்போ பைனின் கூம்புகளுட் சில ஆண்டுக்கணக்கில் மூடியிருந்து, தீயின் வெப்பத்தில் விரிந்து விதை சிந்தும் இயல்பின. அவ்விதைகள் அடுத்த மாரியில் முளைக்கும். அத்தீக்குப்பின் முளைத்தவை கண்ட முதற் கோடை 2024ஆம் ஆண்டினது. அவ்வாண்டு சிசிலி கடும் வறட்சியில் வாடிற்று. ஒக்டோபரில் பாலெர்மோவிலேயே குழாய்நீர் முறைவைத்து விடப்பட்டது. வீட்டில் வாளிகளை வரிசையாக நிரப்பி வைத்த எமக்கு, அக்கன்றுகளின் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

பிள்ளைகளே, ஆழமான இரு சாடிகளிற் பைன் விதைகளை இட்டுப் பல்கணியில் வையுங்கள். முளைத்தபின் ஒன்றுக்கு மண் காயாதவாறும், மற்றதற்கு மேல்மண் காய்ந்த பின்னரும் நீர் வாருங்கள். சில மாதங்களின் பின் மண்ணை நீரிற் கரைத்துக் கன்றுகளை எடுத்து, தண்டையும் வேரையும் அளந்து எழுதி வருக. தண்டை மட்டும் அளந்து வருபவர்க்கு அரைப் புள்ளியே.