கட்டிய பிறகு யார் பார்த்துக்கொள்வது?

அன்புள்ள தங்கைக்கு,

தெருவில் வழியும் மழைநீரை வாங்கி மண்ணில் இறக்கும் உன் நகராட்சியின் மழைத்தோட்டங்களைக் கண்காணிக்கவும் பராமரிக்கவும் மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும் வேலை உன் கைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். யாரும் விரும்பி எடுக்காத வேலை. எனக்கோ இந்தத் துறையில் இதைவிடப் பெரிய வேலை இல்லை என்று தோன்றுகிறது. சியாட்டிலைச் சுற்றியுள்ள ஊர்களில் உன்னைப்போல் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் பணத்தின் குணத்தைத் தெரிந்துகொள். அமெரிக்காவில் நீர்த்தூய்மைக்கான சுழல்நிதி 1987ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் பிறந்தது. மாநிலங்கள் வழியாக நகரங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் நிதி. புதிதாகக் கட்டத் தரும். கட்டியதை அன்றாடம் பார்த்துக்கொள்ளத் தராது. மற்ற மானியங்களும் பெரும்பாலும் இதே வழிதான். குழாய்க்கு இந்த விதி ஓரளவு பொருந்தும், புதைத்துவிட்டால் பல ஆண்டு தாங்கும். மழைத்தோட்டமோ உயிருள்ளது. சியாட்டிலில் ஜூலை, ஆகஸ்டில் மழை அரிது. நட்ட முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி காய்ந்துவிடும். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகள் சாலையோரக் கல்லில் விட்ட திறப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தோட்டத்துக்குள் நுழையாமல் தெருவோடு போய்விடும். பெரும் செலவில் அமைத்த தோட்டத்தை வெறும் அலங்காரப் பாத்தியாக்க இரண்டு கை இலை போதும்.

ஆகவே கண்காணிப்பையும் பராமரிப்பையும் விண்ணப்பத்தில் தனித்தனியாகப் பிரிக்காதே. அளப்பது ஆய்வாளருக்கு, களை பிடுங்குவது தோட்டப் பணியாளருக்கு என்று பிரித்தால், நிதி குறையும்போது இரண்டாவதைத்தான் முதலில் வெட்டுவார்கள். எந்தத் தோட்டத்துக்கு எப்போது ஆள் அனுப்புவது, அனுப்பிய பிறகு தண்ணீர் மறுபடி மண்ணில் இறங்குகிறதா என்று அறியத்தான் அளக்கிறோம். இதை முதல் பக்கத்திலேயே சொல்.

கட்டுவதற்கு முன்பே அளந்தால் என்ன பயன் என்பதற்கு உன் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சியாட்டிலின் வடமேற்கில், 2001இல் முடிந்த ‘ஸீ ஸ்ட்ரீட்’ திட்டம். நேரான தெருவை வளைத்து, தார்ப்பரப்பைக் குறைத்து, இருபுறமும் தாழ்வான செடிப்பள்ளங்கள் அமைத்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலை தொடங்கும் முன்பே அங்கே நீரோட்டத்தை அளந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் தெருவிலிருந்து வழிந்தோடும் நீர் நூற்றுக்கு 98 பங்குக்கும் மேல் குறைந்தது என்று பின்னால் தயங்காமல் சொல்ல முடிந்தது. முந்தைய கணக்கு இல்லாமல் பிந்தைய கணக்கை மட்டும் நீட்டினால் யார் நம்புவார்?

அதே நகரத்தில் பாலர்டு பகுதி 2010இல் வேறு பாடம் தந்தது. மத்திய அரசின் ஊக்கநிதி, நெருக்கும் காலக்கெடு. சில மழைத்தோட்டங்களில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றது. குடியிருப்பவர்கள் கொதித்தார்கள், நகரம் சிலவற்றைத் தூர்த்தது, சிலவற்றைத் திருத்தி அமைத்தது. மண் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதை இடத்துக்கு இடம் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கும் பணம் கேள்.

நீ சோர்ந்துபோகும் நாளில் லாங்ஃபெல்லோ ஓடையை நினைத்துக்கொள். நகரத்துக்குள் ஓடும் அந்தச் சிற்றோடையைச் சீர்படுத்திய பிறகு கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து திரும்பி வந்தன. மழை பெய்ததும் செத்தன. பெண் மீன்கள் வயிறு நிறைய முட்டையோடு, ஒன்றையும் இடாமல் மிதந்தன. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஆட்கள் ஓடைக்கரையில் நடந்து செத்த மீன்களை எண்ணினார்கள். பல ஆண்டுகளில் வந்தவற்றில் பாதிக்கு மேல் செத்திருந்தன. காரணம் மட்டும் பிடிபடவில்லை. 2016 வாக்கிலேயே ஒன்று தெளிவாகியிருந்தது: நெடுஞ்சாலையில் வழிந்த மழைநீர் மீனைக் கொல்கிறது, அதே நீரை மழைத்தோட்ட மண்ணில் வடித்து விட்டால் மீன் பிழைக்கிறது. கொல்வது எது என்று தெரிவதற்கு முன்பே காப்பது எது என்று தெரிந்துவிட்டது. 2020 டிசம்பரில் நஞ்சின் பெயரும் வெளிவந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் ‘6பிபிடி’ என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து ‘6பிபிடி-குயினோன்’ ஆகிறது. டயர் தேய்மானத்தோடு சாலையில் படிந்து மழையில் கழுவப்படுகிறது. குளிரில் நனைந்தபடி மீன்பிணங்களை எண்ணியவர்களின் குறிப்பேடுகள் இல்லாவிட்டால் இந்தத் தேடல் தொடங்கியே இருக்காது. அந்த எண்ணிக்கைக்கும் யாரோ ஒருவர்தான் ஆண்டுதோறும் நிதி கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

கண்காணிப்பு நமக்குப் பிடிக்காததையும் சொல்லும், அதை மறைக்கக் கூடாது. சியாட்டில் பகுதியில் நெடுங்காலம் மழைத்தோட்டத்துக்கு அறுபது பங்கு மணலும் நாற்பது பங்கு மக்கிய உரமும் கலந்த மண்ணைத்தான் போட்டார்கள். நீரை அளந்தபோது அந்த உரத்திலிருந்தே பாஸ்பரஸும் செம்பும் கசிவது தெரிந்தது. வாஷிங்டன் மாநிலச் சூழல்துறை பிறகு மணல், தென்னை நார்த்தூள், மரக்கரி கொண்ட வேறு கலவையைக் கொண்டுவந்தது. பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடக்குமே, அந்த நார்த்தூள்தான். அளக்காமல் இருந்திருந்தால் ஏரியைக் காப்பாற்றுவதாக நம்பிக்கொண்டே அதில் பாஸ்பரஸைச் சேர்த்துக்கொண்டிருப்போம்.

எல்லாவற்றையும் அளக்க ஆசைப்படாதே. தோட்டத்தில் தேங்கிய நீர் எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்ற ஒரே கேள்வியை நன்றாகக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அதிலும் ஒன்றைக் கவனி. 5 டிகிரி செல்சியஸ் குளிரில் தண்ணீர், 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பிசுபிசுப்பாக இருக்கும். மண்ணுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். ஜனவரி அளவை ஆகஸ்ட் அளவோடு ஒப்பிட்டு மண் அடைத்துவிட்டது என்று முடிவு கட்டாதே. ஜனவரியை ஜனவரியோடு வைத்துப் பார். சியாட்டிலில் ஆண்டு மழை சென்னையைவிடக் குறைவு, ஆனால் அக்டோபர் முதல் மார்ச் வரை சன்னமாகப் பெய்துகொண்டே இருக்கும். ஒரு மழை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை முன்கூட்டியே வரையறுத்து வை.

பராமரிப்புக் குழுவினரை விண்ணப்பம் எழுதும்போதே கூப்பிட்டு உட்கார வை. எந்தத் திறப்பு முதலில் அடைக்கும், எந்தத் தெருவில் வண்டல் அதிகம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் குறிப்பெடுக்கும் நேரத்துக்கும் பயிற்சிக்கும் கூலி உண்டு என்று பட்ஜெட்டில் எழுது.

மானியம் முடிந்த அடுத்த மாதம் யார் செலவழிப்பது என்பதற்கும் இப்போதே பதில் வேண்டும். சியாட்டில் தன் வடிகால் கட்டணத்தைச் சொத்துவரி ரசீதோடு சேர்த்தே வசூலிக்கிறது. உன் நகரமும் அப்படியொரு நிலையான வருமானத்திலிருந்து பராமரிப்புக்குப் பங்கு ஒதுக்குமா என்று நகர மன்றத்திடம் எழுத்தில் வாங்கு. மேற்கு வாஷிங்டன் நகரங்களும் கவுண்டிகளும் மழைநீர் ஆய்வுக்கென ஒரு பொது நிதியில் ஆண்டுதோறும் பணம் போடுகின்றன. அந்த ஆய்வுகளில் முன்பே விடை கிடைத்த கேள்வியை நீ மறுபடி கேட்காதே.

கடைசியாக நாட்காட்டி. அளக்கத் தொடங்கும் முன், எதை எப்படி அளப்போம் என்று சொல்லும் தர உறுதித் திட்டத்தை எழுதி மாநிலத்தின் ஒப்புதல் பெற வேண்டும். அதற்கே மாதங்கள் ஓடும். கோடையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதற்குப் பிறகு நீ அந்தத் திட்டத்தை எழுத உட்கார்ந்தால் ஒரு மழைக்காலம் முழுதாகப் போய்விடும். விண்ணப்பம் அனுப்பிய கையோடு அதன் வரைவைத் தொடங்கு. எழுதியதும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்