மாஸ்டர் சிலிண்டரின் கசிவும் அதனைச் செப்பனிடும் முறையும்

ஓடும் வண்டிக்கு ஓட்டத்தினும் இன்றியமையாதது நிற்றலாகும். விரைந்து ஓடாத வண்டியால் நேர்வது காலத் தாழ்ப்பே. நிற்கவேண்டிய இடத்து நில்லாத வண்டியால் நேர்வதோ உயிர்க்கேடு. வண்டியை நிறுத்தும் பிரேக்கிற்குத் தலையாய உறுப்பு மாஸ்டர் சிலிண்டர் என்பது. அதன் அமைப்பு யாது, அது கசிவது எவ்வாறு, கசியுங்கால் செய்யத்தக்கன யாவை என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு மோட்டார்ப் பட்டறையில் யாது வேலை என்று நண்பர் வினவலாம். சென்ற கோடை விடுமுறையில் யாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியே அதற்கு விடை.

எம் மாமாவிடம் பழைய கார் ஒன்று உண்டு. அதன் பிரேக் ஆயில் மாதந்தோறும் குறைந்து வந்தது. குறையுந்தோறும் அவர் புதிதாக ஊற்றி நிரப்புவார். குறைவது ஏன் என்று ஆராய்ந்திலர். கொடைக்கானல் மலையினின்று இறங்கும்போது, ஒரு வளைவில் அவர் மிதித்த பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்து தரையைத் தொட்டது. கியரைக் குறைத்தும், கம்பியால் இயங்கும் கைப்பிரேக்கை இழுத்தும், மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி வண்டியை ஒருவாறு நிறுத்தினார். உள்ளே இருந்த யாம் ஐவரும் நெடுநேரம் வாய் திறந்திலோம். அடிவாரத்துப் பட்டறைக்கு வண்டியைக் கட்டியிழுத்துச் சென்றபோது, முதிய மெக்கானிக் ஒருவர் அதனைப் பார்த்து, “ஓட்டைப் பானையை அடைக்காமல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறீர்களே, ஐயா!” என்றார். அவர் அன்று எமக்குக் கற்பித்த பாடமே இக்கட்டுரையின் பொருள்.

நிற்க. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாது பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623–1662) விளக்கிய உண்மை. இதனையே அடிப்படையாகக் கொண்டது ஹைடிராலிக் பிரேக். 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் இவ்வகைப் பிரேக்குடன் வெளிவந்தது.

மாஸ்டர் சிலிண்டர் என்பது உட்புறம் வழவழப்பாகக் கடையப்பெற்ற ஓர் உலோகக் குழல். அதனுள் பிஸ்டனும், ரப்பர்க் கிண்ணங்களும், சுருள்வில்லும் உள. மேலே ஆயில் தொட்டி உளது. பெடலை மிதிக்கத் தள்ளுகோல் பிஸ்டனை முன்னே தள்ளும். முன்னுள்ள கிண்ணம் தொட்டியினின்று வரும் சிறு துளையைக் கடந்தவுடன் ஆயில் அடைபட்டு, அழுத்தம் பெற்று, குழாய்களின் வழியே சக்கரங்களை எட்டி அவற்றைப் பற்றி நிறுத்தும். பெடலை விட்டதும் சுருள்வில் பிஸ்டனைப் பின்னுக்குக் கொணரும். பழைய வண்டிகளில் ஒரு பிஸ்டனே உண்டு. பிற்காலத்து வண்டிகளில் இரண்டு பிஸ்டன்களும் இரண்டு வழிகளும் இருத்தலின், ஒரு வழி பழுதுற்றாலும் மற்றொன்று ஓரளவு உதவும்.

கசிவு இருவகைப்படும். பின்னுள்ள கிண்ணம் தேய்ந்து, ஆயில் தள்ளுகோலின் பக்கமாக வெளியேறுதல் புறக்கசிவு. அப்போது தொட்டியில் ஆயில் குறையும். பெடலின் மேற்பகுதியிலோ சிலிண்டரின் பின்புறத்திலோ ஈரம் தோன்றும். வாக்கும் பூஸ்டர் உள்ள வண்டியில் ஆயில் அதனுள் இறங்கிவிடுதலால் வெளியே புலப்படாமலும் போகும். முன்னுள்ள கிண்ணம் தேய்ந்து, அழுத்தம் பெற்ற ஆயில் அதனைத் தாண்டித் திரும்பிவிடுதல் அகக்கசிவு. இதில் ஆயில் குறையாது. மிதித்த பெடல் மட்டும் மெல்ல அமிழும். எம் மாமாவின் வண்டியில் இவ்விரண்டும் ஒருங்கே இருந்தன. எனினும், சக்கரங்களிலும் குழாய்களிலும் கசிவு இல்லை என்று தெளிந்த பின்னரே சிலிண்டரைக் கழற்றுதல் வேண்டும்.

கழற்றுமுன் தொட்டியிலுள்ள ஆயிலை வாங்கிவிடுக. இவ்வாயில் பெயிண்டை அரிக்குமாதலால், அருகிலுள்ள பகுதிகளைத் துணியால் மூடுக. குழாய்களின் நட்டுகளை அவற்றிற்குரிய ஸ்பேனரால், முனை மழுங்காவண்ணம் தளர்த்துக. சிலிண்டரை வெளியே எடுத்து, வாயிலுள்ள வளையத்தை நீக்கினால், பிஸ்டனும் கிண்ணங்களும் வெளிப்படும். ஒவ்வொரு கிண்ணமும் எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். மாற்றிப் போட்டால் அழுத்தம் நில்லாது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கொண்டு கழுவலாகாது. பிரேக் ஆயில் என்பது பெயரால் எண்ணெயேயாயினும் பொருளால் எண்ணெயன்று. பெரும்பாலும் கிளைக்கால் வகையைச் சார்ந்த நீர்மம். கனிம எண்ணெய் பட்டால் அதற்கென அமைந்த ரப்பர் ஊதிக் கெடும். ஆதலின் புதிய பிரேக் ஆயிலாலேயே கழுவுதல் தக்கது.

இனி வருவதே முடிவு கூறவேண்டிய இடம். எம் மாமா, “புதிய ரப்பர்களை மட்டும் போட்டுவிடுங்கள், செலவு குறையும்,” என்றார். மெக்கானிக் விடை கூறாது, சிலிண்டரைத் துடைத்து, விளக்கொளியில் உட்புறத்தைக் காட்டினார். ஆங்குத் துருவரித்த குழிகள் இருந்தன. “இதில் புதிய ரப்பரைப் போட்டால் இரண்டு மாதம் தாங்கும். அப்புறம் மறுபடியும் மலைதான்,” என்றார் அவர். மாமா பேசாது புதிய சிலிண்டருக்குப் பணம் எண்ணிக் கொடுத்தார். உட்புறம் கீறலும் குழியும் இன்றி இருப்பின் ரப்பர்களை மாற்றுதல் போதும். இருப்பின் சிலிண்டரையே மாற்றுதல் வேண்டும். அலுமினியச் சிலிண்டரைத் தேய்த்துச் சீராக்க முயலுதலும் தவறு. அதன் மேற்பூச்சு போய்விடும்.

மாட்டும்போது புதிய கிண்ணங்களில் ஆயிலைத் தடவி, விளிம்பு மடங்காமல் செலுத்துக. தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே, வண்டி செய்தோர் குறித்த சிறு இடைவெளி இருத்தல் வேண்டும். இல்லையேல் துளை அடைபட்டுப் பிரேக் பற்றியவாறே நின்று சூடேறும். பின்னர் ஏர் எடுத்தல். காற்று அழுத்தத்தால் சுருங்குமாதலால், அது குழாயில் தங்கின் பெடல் பஞ்சுபோல் அமிழும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றொருவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து, காற்றுக் குமிழி வெளியேறியபின் மூடுவார். மூடிய பின்னரே காலை எடுத்தல் வேண்டும். குமிழி அறும்வரை இவ்வாறு ஒவ்வொரு சக்கரத்திற்கும் செய்க. இடையில் தொட்டி வற்றலாகாது. வெளிவந்த பழைய ஆயிலை மீண்டும் ஊற்றுதல் கூடாது. அது காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. புதிய டாட் 3 ஆயில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் கொதிக்க, நீர் ஏறியது 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். முடிவில் பெடலை அழுத்திப் பிடித்து அமிழாமை கண்டு, வெளியிடத்தில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்த்த பின்னரே சாலைக்குச் செல்லுதல் வேண்டும். இப்பணியை முதன்முதற் செய்வோர், அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது கடமை.

குறைந்ததை நிரப்புவது எளிது. குறைவதன் காரணத்தைத் தேடுவது அரிது. அரியதைச் செய்யாமையால் யாம் ஐவரும் அன்று ஒரு மலைவளைவில் உயிரைக் கையிற் பிடித்திருந்தோம். தம் வீட்டு வண்டியின் ஆயில் தொட்டியை இன்று மாலையே திறந்து பார்க்குமாறு எம் உடன் மாணவரை வேண்டுகின்றோம்.