பழைய தேனடையில் மணமுள்ள மெழுகுவர்த்தி

தேனீ வளர்ப்போர் கறுத்த பழைய அடைகளை எறிந்துவிடக் கூடாது. அவற்றில் மெழுகு அந்துப்பூச்சி பெருகி, நல்ல பெட்டிகளையும் தாக்கும். அடைகளைத் துணிப்பையில் கட்டி, கல் வைத்து வெந்நீரில் அமிழ்த்தினால் மெழுகு உருகி மேலே மிதக்கும். ஆறியதும் கட்டியாக எடுக்கலாம். இரும்பு, செம்புப் பாத்திரங்கள் நிறத்தைக் கெடுக்கும், எவர்சில்வர் ஏற்றது.

தேன்மெழுகு பாரபின் மெழுகைவிட விலை கூடியது. இயற்கை மணமும் உண்டு. எனவே பாரபின் கலந்து மதிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். இது சுமார் 63 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். கொதிநீருக்குள் வேறொரு பாத்திரம் வைத்தே உருக்க வேண்டும்.

அடுப்பிலிருந்து இறக்கியபின், 100 கிராம் மெழுகுக்கு 3 கிராம் எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்த்துக் கலக்கவும். பன்னீர் சேர்க்கக் கூடாது; நீர் மெழுகில் கலக்காது, சுடர் படபடக்கும். தேன்மெழுகுக்குச் சற்றுத் தடித்த திரியே நன்கு எரியும்.